குலைக்கச் சொன்னது நான்தான்

என்ரை பரமேசு அக்காவுக்கு,

புதன்கிழமை பின்னேரம். சேர்ச்சுக்குப் பின்னாலை இருக்கிற நாங்கள் கூடிப் பின்னுற மண்டபத்திலை இருந்துதான் எழுதிறன். மற்றவை வர இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு. கதவடியிலை உங்கடை கதிரை வெறுமையாக் கிடக்கு. அதிலை இருக்க வேண்டாமெண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, ஆனா ஒருத்தரும் இருக்கினமில்லை.

ரெண்டு ஒழுங்கை தள்ளி இருந்த மனிசிக்கு ஆராவது கடிதம் எழுதுவினமோ? படலையைத் திறந்து உள்ளை வந்து, ஒரு தேத்தண்ணியைக் குடிச்சபடி சொல்லியிருக்க வேண்டிய கதை இது. அதுக்கு மூண்டு கிழமை எனக்குக் கிடைச்சது. மூண்டு கிழமையும் "அவவே வரட்டும்" எண்டு வீட்டுக்குள்ளை இருந்தன். என்ரை திமிர் உங்களுக்குத் தெரியும்தானே.

முதலிலை நல்ல செய்தியைச் சொல்லிப் போடுறன். பேரன் பிறந்திட்டான்! போன ஞாயிறு சுகந்தி வீடியோவிலை காட்டினவள். ரொறன்ரோவிலை இன்னும் பனி கொட்டுதாம், பிள்ளையைப் பொட்டளி மாதிரிச் சுத்தி வைச்சிருக்கிறாள். மூக்கு அப்பிடியே உங்கடை மூக்கு. பாவம் பெடியன், அதோடைதான் இனிக் காலம் தள்ள வேணும். நான் இதைச் சொல்ல உங்கடை மகள் சிரிச்சாள். சிரிச்சுக் கொண்டிருந்தவள் பேந்து அழத் தொடங்கிட்டாள்.

பருத்தித்துறை வெயிலுக்கை இருந்து கம்பளிச் சட்டை பின்னுற விசரியள் எண்டு எங்களைப் பார்த்துச் சிரிக்காத ஆக்களில்லை. என்ன செய்யிறது, பேரப்பிள்ளையள் எல்லாம் குளிர் நாட்டிலை. பிள்ளையள் அங்கையிருந்து நூல் அனுப்ப, நாங்கள் எட்டுப் பேர் இங்கையிருந்து அதைச் சட்டையாக்கித் திருப்பி அனுப்பிறம். நாலு வருசத்துக்கு முதல் நீங்கள் ஒரு சொப்பிங் பாக்கிலை நீல நூலோடை வந்து கதவடியிலை நிண்டனீங்கள். "உள்ளுக்கு வரலாமோ ரீச்சர்?" எண்டு கேட்டனீங்கள். நான் உங்களுக்குப் படிப்பிச்சதே இல்லை, என்னை விட மூண்டு வயசு மூப்பு நீங்கள். எண்டாலும் முப்பது வருசம் கணக்குப் படிப்பிச்சவள் ஊருக்கெல்லாம் ரீச்சர்தான்.

புத்தகத்திலை இருக்கிற இங்கிலீஷ் குறிப்பை நான் வாசிச்சுச் சொல்லச் சொல்ல, நீங்கள் கேட்டுப் பின்னினனீங்கள். நான் "ஸ்ரிச்" எண்டன். உங்களுக்கு அது வாயிலை வரேல்லை. ஊசியிலை இருந்ததைத் தொட்டுக் காட்டி, "இது கண்தானே ரீச்சர்?" எண்டனீங்கள், உங்கடை அப்பு ஆக்கள் மீன் வலையிலை சொல்லுற மாதிரி. ஒரு மாசத்துக்குள்ளை மண்டபம் முழுக்க "எத்தினை கண் போட்டனீர்?", "ஐயோ, ஒரு கண் விழுந்திட்டுது" எண்டுதான் கதை. இப்ப என்ரை வாயிலையும் அந்தச் சொல்லுத்தான் வருது.

என்ரை சொல்லு வேறை. பின்னினதிலை பிழை கண்டா "குலை" எண்டுவன். இழுத்து அவிட்டுப் போட்டுத் திரும்பத் தொடங்க வேணும், அதுதான் சட்டம். ஒரு நாள் நீங்கள் பக்கத்திலை இருந்து பின்னின மேரியின்ரை காதுக்குள்ளை, "ரீச்சருக்கும் பக்கத்து வீட்டு நாய்க்கும் ஒரே வேலை, பின்னேரம் முழுக்கக் குலை குலையெண்டு" எண்டு குசுகுசுத்தது எனக்கு நல்லாக் கேட்டது. நாய் குலைக்கிறதும் நூல் குலைக்கிறதும் எங்களுக்கு ஒரே சொல்லுத்தானே. கேட்காத மாதிரி முகத்தை வைச்சுக் கொண்டிருந்திட்டு, வீட்டை போய்க் குசினிக்குள்ளை நிண்டு சிரிச்சன்.

நீங்கள் வந்த முதல் மாசம் நான் விட்ட ஒரு பகிடி உங்களுக்கு ஞாபகம் இருந்திருக்கு. எனக்குத்தான் மறந்து போச்சு. நூலை நீங்கள் இறுக்கி இழுத்துப் பின்ன, "அக்கா, இது வலையில்லை, மீன் பிடிக்கப் போறேல்லை" எண்டன். எல்லாரும் சிரிச்சினம். நீங்களும் சிரிச்சனீங்கள். நீங்கள் சிரிச்சதாலை அதை நான் அதோடை விட்டிட்டன்.

மண்டபத்திலை எனக்கு ரீச்சர் எண்டு பேர். முடிஞ்சு ரெண்டு பேரும் வீட்டை நடக்கேக்கை, ஒழுங்கையிலை திரும்பின உடனை "தங்கச்சி" எண்டு மாறிடும். அந்த ஒழுங்கையிலைதான் எனக்கு நூலிலை முடிச்சுப் போடப் படிப்பிச்சனீங்கள். பழைய நூல் முடிய, புது நூலை எப்பிடி மூட்டுறது எண்டு. "இது எங்கடை அப்பு காட்டித் தந்தது, கடலிலை போட்டாலும் வழுகாது." அடுத்த கிழமை மேரி அந்த முடிச்சைப் பார்த்திட்டு, "வடிவா இருக்கு ரீச்சர், எங்கை பழகினனீங்கள்?" எண்டு கேட்டவ. நான் "சின்னனிலை, பள்ளிக்கூடத்திலை" எண்டன். நீங்கள் பக்கத்திலை இருந்தனீங்கள். தலையை நிமிர்த்தாமல் பின்னிக் கொண்டிருந்தனீங்கள். ஏனக்கா அப்பவே என்ரை கன்னத்திலை ஒண்டு போடேல்லை?

மார்கழியிலை நடந்ததுக்கு வாறன்.

சுகந்திக்குப் பெடியன் பிறக்கப் போறானெண்டு, அடுத்த வருசக் குளிருக்கு ஒரு வயசு அளவிலை சட்டை தொடங்கினனீங்கள். முன்பக்கம் ஒரு சாண் வளர்ந்திட்டுது. நான் எல்லாற்றையும் பார்த்துக் கொண்டு வரேக்கை உங்கடையைக் கையிலை எடுத்தன். அடிக் கரைக்குக் கிட்ட மூண்டு ஓட்டை. "உதென்ன அக்கா உது? ரெண்டு கண்ணைச் சேர்த்துப் பின்னிப் போட்டியள், ஓட்டை விழுந்து கிடக்கு. குலையுங்கோ" எண்டன்.

"அது பிழையில்லை ரீச்சர். அது வந்து..." எண்டு தொடங்கினனீங்கள்.

"பிழை பிழைதான். பேரனுக்கு ஓட்டைச் சட்டையோ அனுப்பப் போறியள்?"

மற்ற ஆறு பேரும் பார்த்துக் கொண்டிருந்தவை. நீங்கள் ஊசியை உருவினனீங்கள். நூலை இழுக்க இழுக்க அந்த ஒரு சாணும் போச்சு. உருட்டிப் பைக்குள்ளை வைச்சிட்டு, நேரத்தோடை எழும்பினனீங்கள். அண்டைக்கு நான் தனியத்தான் வீட்டை நடந்தன். கோவம் எனக்குத்தான் வந்தது, பாருங்கோவன்! பிழையைச் சொன்னா இவவுக்கு என்ன இவ்வளவு ரோசம் எண்டு.

மூண்டு ஓட்டையும் ஒண்டுக்கு மேலை ஒண்டாய், ஒரே நேரிலை இருந்தது அக்கா. கை தவறினா ஒண்டு விழும். மூண்டு தரம், மூண்டு வரியிலை, ஒரே இடத்திலை விழுமோ? முப்பது வருசம் கணக்குப் படிப்பிச்ச கண்ணுக்கு அது தெரியேல்லை.

அடுத்த புதன் நீங்கள் வரேல்லை. அதுக்கடுத்ததும் வரேல்லை. மேரி "போய்ப் பார்ப்பமே ரீச்சர்?" எண்டு கேட்க, "பொங்கல் வேலையா இருக்கும்" எண்டன். மூண்டாம் புதனும் போக, வெள்ளிக்கிழமை காலமை மேரி ஓடி வந்து படலையடியிலை நிண்டு குளறினவ. நெஞ்சு நோகுதெண்டு நீங்கள் சொல்லி, உங்கடை மனிசன் தவம் அண்ணை ஓட்டோ பிடிச்சுக் கொண்டு வரமுதல் எல்லாம் முடிஞ்சுதாம். செத்தவீட்டிலை நான் உங்கடை கையைத்தான் பார்த்துக் கொண்டிருந்தன். முகத்தைப் பார்க்க எனக்கு முகம் இருக்கேல்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கீரிமலைக்கும் வந்தனான். நாங்கள் சேர்ச் ஆக்கள், முறை தெரியாது. கேணிக் கட்டிலை ஒரு பக்கமா இருந்து, தவம் அண்ணை உங்கடை சாம்பலைக் கடலிலை விட்டிட்டு ஏறி வாறதைப் பார்த்தன். வீட்டை வந்து சாப்பாடு முடிய, அவர் அந்தச் சொப்பிங் பாக்கைக் கொண்டு வந்து என்ரை மடியிலை வைச்சார். "அவள் அரைவாசியிலை விட்டிட்டுப் போட்டாள். உங்களாலைதான் முடிக்க ஏலும், தங்கச்சி."

திறந்து பார்த்தன். பின்பக்கம் முடிஞ்சிருந்தது. முன்பக்கம் திரும்பவும் தொடங்கிக் கைக்குழி வரைக்கும் வந்திருந்தது. ஒரு பிழை இல்லை. அடிக் கரை தண்ணி மட்டம் பார்த்த மாதிரி நேர். நூற்றுக்கு நூறு போடலாம். வீட்டிலை தனிய இருந்து எனக்காகத்தான் அப்பிடிப் பின்னினனீங்களோ?

"ஆனா அடையாளம் வைக்கேல்லை" எண்டார் தவம் அண்ணை. "என்ன அடையாளம்?" எண்டு கேட்டன். "அவளின்ரை அப்பன்ரை வலை அடையாளம். கடலிலை வலையள் சிக்குப்பட்டா எது ஆற்றை எண்டு தெரிய வேணுமே. மூண்டு வரியிலை ரெண்டு ரெண்டு கண்ணைச் சேர்த்து முடிவினம். பேரன்ரை சட்டையிலை அதை வைக்கப் போறன் எண்டு மகளுக்கும் சொல்லிப் போட்டாள். பேந்து பார்த்தா இல்லை. ஏனெண்டு கேட்டன், ஆரோ பிழையெண்டு சொல்லிப் போட்டினமாம்."

"விளங்கப்படுத்தியிருக்கலாமே?" எண்டு வந்தது என்ரை வாயிலை. பார்த்தியளே, அப்பவும் பிழை உங்களிலைதான்.

"மண்டபத்திலை வலைக் கதை எடுக்கிறேல்லை எண்டுவாள் தங்கச்சி. அவை படிச்ச ஆக்கள், சிரிப்பினம் எண்டுவாள்."

நாலு வருசம் அக்கா! அந்த ஒரு பகிடியை நாலு வருசம் மனசுக்கை வைச்சுக்கொண்டு, கிழமைக் கிழமை வந்து என்ரை பக்கத்திலை இருந்தனீங்களே. பையைத் தூக்கிக் கொண்டு எழும்பி வந்திட்டன். அண்ணையின்ரை முகத்தைப் பார்த்து "அது நான்தான்" எண்டு சொல்லத் துணிவு வரேல்லை.

அடுத்த நாள் காலமை போய்ச் சொன்னன். அவர் திண்ணையிலை வந்து இருந்தார். பேந்து, "ஆரெண்டு நானும் கேட்டனான். அவள் பேர் சொல்லேல்லை" எண்டார். நீங்கள் என்னைக் காட்டிக் குடுத்திருந்தா எனக்கு இவ்வளவு நொந்திருக்காது. எழும்பிப் போய்க் கொட்டிலுக்கை தொங்கின பழைய வலையை இறக்கிக் கொண்டு வந்து விரிச்சார். உங்கடை அப்புவின்ரை வலை. மூலையிலை மூண்டு வரி, ரெண்டு ரெண்டு கண் சேர்த்து. நான் நிலத்திலை குந்தியிருந்து ஒவ்வொரு கண்ணாய் எண்ணிக் கொப்பியிலை எழுதினன்.

அப்ப என்ரை பிரச்சினை என்னெண்டா, அடையாளம் இருக்க வேண்டிய இடம் அடிக் கரை. அங்கை வைக்க வேணுமெண்டா நீங்கள் கடைசியாப் பின்னின முன்பக்கம் முழுக்கக் குலைக்க வேணும். ரெண்டு கிழமை அதை மேசையிலை வைச்சுப் பார்த்துக் கொண்டிருந்தன். ஊருக்கெல்லாம் குலை குலையெண்டு நிண்டவளுக்கு ஒரு நூலை இழுக்கக் கை வரேல்லை. தவம் அண்ணையைத்தான் திரும்பக் கேட்டன். "வலை கிழிஞ்சா நாங்கள் முழுக்க அவிட்டே பொத்திறம்? இருக்கிற கண்ணிலை பிடிச்சுக் கொண்டு போங்கோ தங்கச்சி" எண்டார்.

அப்பிடியே செய்தன். உங்கடை கடைசிக் கண்ணிலை, நீங்கள் ஒழுங்கையிலை காட்டித் தந்த முடிச்சாலை என்ரை நூலை மூட்டினன். நெஞ்சுக்கு மேலை, இடப்பக்கம், மூண்டு வரி.

போன புதன் மேரி எட்டிப் பார்த்திட்டு, பயந்து பயந்து, "ரீச்சர், மூண்டு ஓட்டை விழுந்திட்டுது. குலைக்கிறியளே?" எண்டு கேட்டவ. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தவை.

"ஓட்டையில்லை மேரி. வலை" எண்டன்.

பேந்து எல்லாத்தையும் சொன்னன். பகிடியை, முடிச்சை, பள்ளிக்கூடத்திலை பழகினது எண்டு சொன்ன பொய்யை. ஒருத்தரும் சிரிக்கேல்லை, ஒருத்தரும் என்னைத் தேற்றவும் இல்லை. அதுதான் சரி. மேரி மட்டும் கதவடிக் கதிரையைத் துடைச்சு விட்டவ.

இதெல்லாம் உங்களுக்கு முன்னாலை சொல்லியிருக்க வேணும் அக்கா. நீங்கள் இல்லாத மண்டபத்திலை சொல்லி என்ன பிரயோசனம்? உங்களுக்குக் கேட்டிருக்குமோ?

தோள் மூட்டுறதும் கழுத்தும்தான் பாக்கி. மழைக்கு முதல் அனுப்பிப் போடுவன். அந்தப் பெடியன் வளர்ந்து, இந்த மூண்டும் என்னெண்டு ஒரு நாள் கேட்பான். நான் இருந்தா நானே சொல்லுவன், இல்லாட்டி சுகந்திக்கு எழுதி வைச்சிட்டுப் போவன். உன்ரை அம்மம்மா வைச்ச அடையாளம் எண்டு சொல்லுவன். அதை ஒருக்காக் குலைக்கச் சொன்னது ஆரெண்டும் சொல்லுவன். நீங்கள் சொல்லாமல் விட்ட பேரை நான் மறைக்க மாட்டன்.

அவை வருகினம், படலைச் சத்தம் கேட்குது. கீழை ரீச்சர் எண்டு எழுதப் போய் வெட்டிப் போட்டன்.

ஒழுங்கையிலை உங்களோடை நடந்த
உங்கடை தங்கச்சி,
ஜெயமலர்