அம்மா வாயில் உன் பேர்

என் ஆசை ரோஸி அக்கா,

நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. இன்னும் இந்த லயத்து வீட்டில் உன் ராஜ்யம்தான். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுவது நான், காலுக்குத் தைலம் தேய்ப்பது நான். கூப்பிடுவது மட்டும் உன் பேரை. "நான் ஸ்டெல்லாம்மா" என்றால், "தெரியும் லா" என்கிறாள். தெரிந்தே கூப்பிடுகிறாளே, அதுதான் எரிகிறது.

எனக்குத் தூக்கம் போய்விட்டது. நெஞ்சை அடைக்கிறதே என்று தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெஞ்சில் ஒன்றுமில்லை என்று டாக்டர் என்னை ஒரு கவுன்சலரிடம் அனுப்பினார். ஈப்போக்காரி, சின்னப் பெண். "மனசுல உள்ளத தினம் கொஞ்ச நேரம் எழுதுங்கக்கா. பிழை பாக்காதீங்க. யாருக்கும் காட்ட வேணாம், கிழிச்சுப் போட்டாலும் சரி" என்றது.

எழுதுவது என்றால் நமக்குத் தெரிந்தது என்ன? ஜெபக்கூட்டத்தில் வாசிக்கிற சாட்சிதானே? ஸ்தோத்திரத்தில் ஆரம்பித்தேன், கஷ்டத்தை இரண்டு வரியில் ஓட்டினேன், ஆறுதல் கிடைத்தது என்று முடித்தேன். தினமும் அப்படியேதான். தூக்கம் எங்கே வரும்?

மறுபடி போனபோது நான் எழுதினதைச் சொல்ல, அந்தப் பெண் கேட்டுவிட்டுச் சிரித்தது. "அது சபைக்கு முன்னால சொல்றது, அக்கா. யாருமே கேக்கலன்னா என்ன எழுதுவீங்க?"

உன் மேல் பொறாமை என்று எழுதினேன். செத்தவள் மேல் பொறாமைப்படுகிற கழுதை உலகத்தில் உண்டா? ஆனால் கை நிற்கவில்லை. பிரிஞ்சாங் சந்தையில் அம்மா உனக்கு மட்டும் வாங்கின சிவப்பு ஸ்வெட்டர். நீ செய்தால்தான் நெத்திலிச் சம்பலாம், என்னுடையது வெறும் காரமாம். நோயில் கிடந்தும் நீ அழகாக இருந்தாயே, பாவி.

அன்று முன்னைவிட மோசமாக அழுதேன். நல்ல வைத்தியம் சொன்னாள் என்று அந்தப் பெண்ணை மனசுக்குள் வைதேன். இருந்தாலும் எழுதுவதை விடவில்லை. நாளாக ஆக அடைப்பு குறைந்தது. தோட்டத்து டீக்கடையில் டூரிஸ்டுகளுக்கு டீ ஊற்றும்போது நான் பாட்டு முணுமுணுத்தேன் என்று மேனேஜர் சொல்கிறார்.

நேற்று எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா கட்டிலில் இருந்தபடி எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குடி?"

"அக்காவுக்கு."

தலையணையில் சாய்ந்துகொண்டாள். பிறகு, "கல்லறையில அவ பக்கத்து எடம் எனக்குத்தான்னு எழுது. பாஸ்டர்கிட்ட சொல்லிட்டேன்" என்றாள்.

அப்போ நான் எங்கே படுப்பது? வாய்வரை வந்துவிட்டது, கேட்கவில்லை. அங்கேயும் நீதான் ஜெயித்தாய் என்று இருந்தது.

சரி அக்கா. அந்த இடத்தை யாருக்கும் விடமாட்டேன். நேரம் வரும்போது அம்மாவை நானே கொண்டுவந்து உன் பக்கத்தில் படுக்க வைக்கிறேன், இது சத்தியம். அதற்கப்புறம் காலம் முழுக்க அவள் உனக்குத்தான். அதுவரைக்கும் நீ அவளைக் கூப்பிடாதே. மூச்சு இருக்கிறவரை அவள் எனக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
அம்மாவின் இன்னொரு மகள்,
ஸ்டெல்லா