முதலில் மாதிரிக் கட்டி

மார்ச் 3, செவ்வாய்

கருமுட்டை வெளிவந்துவிட்டது என்று ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே டாக்டர் சொன்னார். இன்றிலிருந்து புரோஜெஸ்டிரோன் மாத்திரை. பதினான்கு நாள் கழித்துத்தான் கர்ப்பப் பரிசோதனை. அதுவரை கிட் வாங்கி வீட்டில் வைக்கவே கூடாதாம். என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்.

சிகிச்சை தொடங்கி நாலு வருடம் ஆயிற்று. இந்த முறையும் இல்லையென்றால் நிறுத்திவிடுவோம் என்று வீட்டில் இவர் சொன்னபோது நானும் தலையாட்டினேன். ஆடியது தலை மட்டும்தான்.

மார்ச் 6, வெள்ளி

மார்பு கனக்கிறது. வயிறு உப்பி, பேண்ட் பொத்தானைப் போட முடியவில்லை. மூன்றே நாளில் எப்படி?

மார்ச் 8, ஞாயிறு

பகலெல்லாம் தூக்கம். அக்கா போன் செய்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். "எனக்கும் இப்படித்தான்டி இருந்துச்சு" என்றாள். இரண்டு பெற்றவள் சொல்கிறாளே என்று சந்தோஷமாக இருந்தது. போனை வைத்த பிறகுதான் நினைவு வந்தது, போன மாதமும் இதையேதான் சொன்னாள்.

மார்ச் 10, செவ்வாய்

இன்று ஒரு தப்பு செய்தேன். தெரிந்தே செய்தேன்.

சோப்பு ஆலையில் முகர்ந்து பார்ப்பதுதான் என் வேலை. ஒன்பது வருடமாக மூக்கை வைத்துப் பிழைக்கிறவள். வருகிற கட்டிகளை முகர்ந்து, 'சரி' அல்லது 'நிறுத்திவைப்பு' என்று பதிவேட்டில் எழுத வேண்டும். விதி ஒன்றே ஒன்று. காலையில் முதலில் கண்ணாடி ஜாடியில் இருக்கும் மாதிரிக் கட்டியை முகர வேண்டும். அது குறையில்லாத கட்டி. அது எப்போதும்போல மணத்தால் நம் மூக்கு சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஜாடியை நான் திறக்கவில்லை. நேரே எலுமிச்சை சோப்பை எடுத்தேன். ஒரே எண்ணெய்ச் சிக்கு வாடை, குடலைப் பிரட்டியது. பக்கத்து மேசைக்காரி முகர்ந்துவிட்டு, நல்லாத்தானே இருக்கிறது என்றாள். நான் முழுத் தொகுதியையும் நிறுத்திவைப்பில் போட்டுவிட்டேன்.

ஏன் திறக்கவில்லை? பயம்தான். மாதிரிக் கட்டி எப்போதும்போல மணந்துவிட்டால் என் மூக்கு மாறவில்லை. மூக்கு மாறவில்லை என்றால் — சரி, விடு. நாற்றம் சோப்பிலா என்னிலா என்று தெரியாமல் இருப்பதே நிம்மதி.

மார்ச் 11, புதன்

இன்றும் திறக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

இளஞ்சிவப்பாக ஒரு துளி. ஒன்றே ஒன்று. உடனே நர்ஸுக்குப் போன் செய்தேன். கரு ஒட்டும்போதும் அப்படி வரலாமாம், மாதவிலக்கு வரப்போகிறது என்றாலும் வரலாமாம். சரி, வயிறு உப்புசம், மார்பு வலி, இதெல்லாம்? "அது மாத்திரையாலயும் வரும்மா. உடம்பை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க" என்றார்.

உடம்பை வச்சு முடிவு பண்ணாம வேற எதை வச்சு பண்றது? என்கிட்ட வேற என்ன இருக்கு?

இவர் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார்.

மார்ச் 13, வெள்ளி

மேற்பார்வையாளர் மேடம் எல்லோரையும் கூப்பிட்டார். ஆய்வகத்திலிருந்து முடிவு வந்துவிட்டதாம். எலுமிச்சைத் தொகுதிக்குப் போன எண்ணெயில் ஒரு பீப்பாய் கெட்டுப்போயிருக்கிறது. "யாருக்கும் தெரியலை, இவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. மூக்குன்னா இதுதான் மூக்கு" என்றார். கைதட்டினார்கள்.

நான் கழிவறைக்குப் போய் அழுதேன்.

ஆக, நாற்றம் சோப்பில்தான். எனக்குள் ஒன்றும் இல்லை. ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு தடவை நான் தப்பாக இருந்திருக்கக்கூடாதா?

வீட்டில் சொன்னேன். இவர், "சோப்பு கெட்டுப்போனதுக்கு அழுத முதல் ஆள் நீதான்" என்றார். சிரித்துவிட்டேன். சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தேன். அவரும் நாள் எண்ணிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மார்ச் 15, ஞாயிறு

மார்பு வலி குறைந்திருக்கிறது. வலித்தாலும் பயம், வலிக்காவிட்டாலும் பயம். நடுநடுவே அழுத்திப் பார்க்கிறேன். இதென்ன பைத்தியம்.

மார்ச் 16, திங்கள்

இனிமேல் ஒளிந்து என்ன ஆகப்போகிறது என்று காலையில் ஜாடியைத் திறந்தேன்.

மூடியை முழுதாகக்கூட எடுக்கவில்லை. நாற்றம் முகத்தில் அடித்தது. ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன். பக்கத்து மேசைக்காரி ஜாடியை முகர்ந்து பார்த்து, "எப்பவும்போலதானே இருக்கு?" என்றாள்.

சோப்பும் கெட்டிருக்கலாம், என் மூக்கும் மாறியிருக்கலாம். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம் என்று ஏன் எனக்குத் தோன்றவே இல்லை?

வேண்டாம், மாத்திரையாகவும் இருக்கலாம். நாளைக்குத் தெரிந்துவிடும்.

மார்ச் 19, வியாழன்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். இவ்வளவு சீக்கிரம் யாரிடமும் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் மாதிரிக் கட்டியை முகர முடியாதவள் அந்த மேசையில் உட்காரக் கூடாது. அதற்கு மேல் இன்னொரு தப்பு செய்ய மனசு வரவில்லை.

எடை பார்க்கும் பிரிவுக்கு மாற்றிவிட்டார். முகர்வோர் பட்டியலில் என் பெயருக்கு நேரே நானே குறிக்க வேண்டுமாம். 'நிறுத்திவைப்பு' என்று எழுதினேன்.

"எதுவரைக்கும்னு போடுங்க" என்றார் மேடம்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போதே எழுதலாமா? பிறகு விரல்விட்டு எண்ணி, நவம்பர் வரை என்று எழுதினேன்.