வெந்தயம் ஊறிய கோப்பை

மச்சான், போன ஐப்பசியில் பெண்ணாடத்துக்குப் போயிருந்தேன், உன் மகள் செல்வி வீட்டுக்கு. தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் நுழைந்தபோது ஜன்னலோரம் அந்தக் கோப்பை இருந்தது. நம் சூளையில் வெந்தது. பிடி கோணிப்போனது என்று கழித்துவிட்டார்கள், நீ துண்டில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப் போனாயே, அதேதான். அதில் வெந்தயம் ஊறிக்கொண்டிருந்தது. அந்தக் கசப்பு வாடை மூக்கில் ஏறியது.

யாருக்கு இது என்று கேட்டேன். "எனக்குத்தான் மாமா. சூடு. மூணு மாசமா வெளிய போவும்போது ரத்தம் படுது. மூலமா இருக்கும்" என்றாள். சாம்பாருக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற அதே குரலில் சொன்னாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் நீயும் சூடு என்ற இதே வார்த்தையைத்தான் சொன்னாய். அந்த வார்த்தையை உன் வாயில் போட்டவன் நான்.

விருத்தாசலத்து வெயில் போதாதென்று நமக்குச் சூளை வேறு. அறுபதுகளின் கடைசியில் நாம் இரண்டு பேரும் அந்தப் பீங்கான் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் கரி அள்ளிப் போடுகிறவன், நீ சூளை பிரிக்கிறவன். வாசலை அடைத்த செங்கல்லை எடுத்ததும் உள்ளேயிருந்து அனல் முகத்தில் அறையும். ஈரச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு முதல் ஆளாக நீதான் நுழைவாய். அங்கே நமக்கு ஒரே ஒரு நோய்தான். கண் எரிந்தால் சூடு, நீர் கடுத்தால் சூடு, பல் ஆடினாலும் சூடு. அதற்கு மோர், வெந்தயம், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். இந்த வைத்தியத்துக்கெல்லாம் தலைவன் நான். கேட்காதவனுக்கும் கூப்பிட்டு வைத்தியம் சொல்லுகிற வாய் எனக்கு.

சூளைக்குப் பின்னால் குழாயடியில் கை கழுவிக்கொண்டே நீ மெதுவாகச் சொன்னாய், ரத்தமாகப் போகிறது என்று. வெட்கத்தோடு சொன்னாய். நான் சிரித்தேன். "சூளையில நிக்கிறவனுக்குச் சூடு புடிக்காம, ஜில்லுனா இருக்கும்? வெந்தயத்த ஊறவச்சு முழுங்குய்யா" என்றேன். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள், நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஒரு வருஷம் வெந்தயம் முழுங்கினாய். நடுவில் ரத்தம் பத்து நாள் நிற்கும், பார்த்தாயா என்று நான் மீசையை முறுக்குவேன். பிறகு மறுபடி வரும். உன் அரைஞாண் கயிறு இடுப்பில் நிற்காமல் இறங்கியது. அதில் ஒரு முடிச்சுப் போட்டாய். ஆடி கழிவதற்குள் இரண்டாவது முடிச்சு. "சூடு ஒடம்ப உருக்குது மச்சான்" என்றாய், நானும் ஆமாம் போட்டேன். சாக்கைத் தூக்கித் தலையில் போடும்போது நீ சுவரைப் பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கரி அள்ளப் போய்விட்டேன்.

இத்தனைக்கும் சரக்குச் சோதிப்பதில் உன்னை மிஞ்ச ஆளில்லை. சூளையிலிருந்து எடுத்ததும் ஒவ்வொரு கோப்பையையும் விரலால் சுண்டுவாய். கணீர் என்றால் ஒரு பக்கம், மொத்தென்றால் ஒரு பக்கம். எல்லாரும் அதோடு விட்டுவிடுவார்கள். நீ மறுநாள் காலையில் வந்து, தேறின பக்கத்தை மறுபடி முதலிலிருந்து சுண்டுவாய். சூடாக இருக்கையில் கணீரென்றது ஆறின பிறகு சில சமயம் மொத்தென்னும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் ராத்திரியில் ஓடியிருக்கும். நல்லாத்தானே இருக்குது, எதுக்கு வேலை மெனக்கெட்டுச் சுண்டுகிறாய் என்று மேஸ்திரி சத்தம் போட்டார். "நல்லா இருக்கிறதத்தான் சுண்டணும். ஒடைஞ்சதச் சுண்டி என்ன ஆவப் போவுது?" என்றாய்.

கடைசியில் சூளைக்குள்ளேயே மயங்கி விழுந்தாய். வடலூர் வழியாகப் பாண்டிச்சேரிக்கு பஸ்ஸில் உன்னைச் சாய்த்துக்கொண்டு போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் நான்கு நாள் பார்த்துவிட்டு, வயசான டாக்டர் ஒருத்தர் நம் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். பெருங்குடலில் புற்று, ஈரல் வரைக்கும் போய்விட்டது, வெட்டிப் பயனில்லை. பிறகு உன் அப்பா எதனால் இறந்தார் என்று கேட்டார். "ரத்தமாப் போய்த்தான் செத்தாரு" என்றாய்.

உன் அப்பா நம் பக்கத்து மங்களூர் கிராமத்தில் ஏர் ஓட்டியவர். சூளையைக் கண்ணால்கூடப் பார்த்தவரில்லை. அவரை எந்தச் சூடு உருக்கியது?

"சில குடும்பத்துல இது வழிவழியா வரும். உங்க பிள்ளைங்கள, ஒண்ணும் இல்லன்னாலும், நாப்பது வயசு நெருங்குறதுக்குள்ள ஒரு தடவ காட்டச் சொல்லுங்க" என்றார் அந்த டாக்டர். உன்னைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நீ அதுவரை இருக்க மாட்டாய் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் கையைப் பிடித்தாய். அனல் பட்டுக் காய்ந்த கை, பிடி மட்டும் விடவில்லை. "புத்து வந்த குடும்பம்னு தெரிஞ்சா செல்விய எவன் கட்டுவான்? அவளுக்குக் கல்யாணம் ஆவட்டும் மச்சான். அதுவரைக்கும் இது ஒன்னோட இருக்கட்டும்" என்றாய். சரி என்றேன். உன் வீட்டுக்காரிக்குக்கூட வயிற்றுப் புண் என்றுதான் சொன்னோம். பொங்கலைப் பார்க்காமல் போய்விட்டாய். சூடுதான் ஆளைக் கொண்டுபோய்விட்டது என்று பட்டறை முழுக்கப் பேசினார்கள். நான் மறுக்கவில்லை.

இரண்டு வருஷத்தில் செல்விக்குக் கல்யாணம் ஆனது. பெண்ணாடத்தில் கரும்புக்காரக் குடும்பம், நல்ல இடம். நீ வாங்கிய வாக்கு அவள் கழுத்தில் தாலி ஏறுகிற வரைக்கும்தான். அதற்கப்புறம் என் வாயைக் கட்டிப்போட்டது யார்? புதுப்பெண்ணிடம் போய் இதையா சொல்வது என்றிருந்தேன். பிறகு பிள்ளைத்தாச்சியிடம் எப்படி என்றிருந்தேன். பிறகு மாமியார் காதில் விழுந்துவிட்டால் என்றிருந்தேன். அப்புறம் உண்மையைச் சொன்னால், மறந்தே போனேன். ஊருக்கெல்லாம் வைத்தியம் சொன்ன வாய்க்கு, சொல்ல வேண்டிய ஒன்று மட்டும் வரவில்லை.

அன்றைக்கு அந்த அடுப்படித் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். அவள் எழுந்து கோப்பையிலிருந்த வெந்தயத்தைச் செம்பருத்திச் செடி மூட்டில் கொட்டினாள். மறுநாளே பாண்டிச்சேரிக்குக் கிளம்பினோம். வழியெல்லாம் அன்றைக்கு நீ சாய்ந்து வந்த தோள் எனக்கு வலித்தது.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். புற்றுதான், குடலைத் தாண்டிவிட்டது. வெட்டி எடுத்து மருந்து ஏற்றுகிறார்கள். முடி கொட்டிவிட்டது. இப்போதைக்கு இருக்கிறாள். எவ்வளவு காலம் என்று எந்த டாக்டரும் வாய் திறந்து சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

உன் மகன் குமாருக்கு நாற்பது தாண்டியாயிற்று. அவன் பிடிவாதம் உன் பிடிவாதம்தான். "எனக்கு ஒண்ணும் இல்லியே மாமா, நல்லாத்தானே இருக்கிறேன்" என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றுகொண்டான். நான் திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் நீ மேஸ்திரியிடம் சொன்னதை அவனிடம் சொன்னேன், உன் அப்பன் சொன்னது என்றேன். உள்ளே போனான். குடலில் இரண்டு சின்னக் கட்டிகள் இருந்தன. இன்னும் புற்றாகவில்லை, விட்டிருந்தால் ஆகியிருக்கும் என்றார்கள். அன்றே எடுத்துவிட்டார்கள். சாயங்காலம் நடந்தே வெளியே வந்து, பசிக்கிறது மாமா என்றான். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. சந்தோஷத்தில்தான் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவன் அக்காவுக்கும் ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் இவ்வளவு சின்னதாகத்தானே இருந்திருக்கும்?

இதை ஒருநாள் செல்வியிடமே சொல்லிவிட்டேன். மன்னித்துவிடு என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. "அன்னைக்கே ஊருக்குத் தெரிஞ்சிருந்தா எனக்குக் கல்யாணம் ஆவாம போயிருக்கும். ஆவாம போனா என்ன மாமா, உசுரோட இருந்திருப்பேன்ல" என்றாள். நீ அவள் நல்லதுக்குத்தான் கேட்டாய், நானும் அவள் நல்லதுக்குத்தான் சரி என்றேன். அந்த நல்லது அவளைத் தின்றுகொண்டிருக்கிறது.

உன் பேத்திக்கு, செல்வி மகளுக்கு, வரன் வந்திருக்கிறது, வேப்பூரிலிருந்து. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள். அதற்குள் செல்வியின் முடி கொட்டிய தலையை மறைக்கச் சவுரி வாங்கலாமா என்று சொந்தக்காரி ஒருத்தி கேட்டாள். செல்வி வேண்டாம் என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "கல்யாணத்துக்கு அப்புறம் சொல்லிக்கலாம்னு இனிமே இந்த வூட்டுல எதுவும் இருக்கக் கூடாது. எங்கப்பாவுக்கு வந்தது, எனக்கு வந்தது, எம்பொண்ணு நாப்பதுக்கு முன்னாலயே காட்டிக்கணும், எல்லாத்தயும் அவங்ககிட்ட நீங்கதான் சொல்லணும் மாமா" என்றாள்.

சொல்லத்தான் போகிறேன், மச்சான். எழுந்து போகிறவர்கள் போகட்டும். நீ பஸ்ஸில் என்னிடம் கொடுத்தது இத்தனை வருஷமாக என்னிடமே கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அதை நடுவீட்டில் வைக்கிறேன். நாலு நாளாகத் தனியாக உட்கார்ந்து சொல்லிப் பழகுகிறேன். எங்கே ஆரம்பித்தாலும் முதல் வார்த்தையாக உன் பெயர்தான் வருகிறது.