கழுவி வைத்த சஹன்

பிரியமுள்ள மச்சானுக்கு சலாம்.

மூன்று வாரமாகத் தட்டையும் தம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டு கடையிலேயே படுக்கிறீர்கள். கேட்டால், “சரக்கு நெறைய கெடக்கு” என்கிறீர்கள்.

துவைக்கும்போது உங்கள் சட்டைப்பையில், எச்.ஐ.வி. இருப்பதாகப் போட்ட பரிசோதனைச் சீட்டைப் பார்த்தேன். தெரிந்தவர் கண்ணில் படாமல் திருநெல்வேலி வரை போயிருக்கிறீர்கள். அதே பயத்தில் நானும் பரிசோதனைக்குத் தூத்துக்குடி போனேன். பெரிய புத்திசாலிகள்தான் நாம்!

எனக்கு இப்போது ஒன்றுமில்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டுமாம். “அடுத்த தடவ அவியளையும் கூட்டிட்டு வாங்க, சேந்து பேசுவோம்” என்றார் ஆலோசகர். தினமும் மாத்திரை போட்டால் நீங்கள் நன்றாக இருக்கலாமாம். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாதாம்.

திங்கட்கிழமை நம்மூர் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்கே போவோம். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். எப்படி வந்தது என்பதை அங்கே சொல்லுங்கள்; அழுவதை நானும் அங்கேயே அழுதுகொள்கிறேன்.

கல்யாணத்தன்று நாம் ஒரே தட்டாகச் சேர்ந்து சாப்பிட்ட அந்தப் பெரிய சஹனைக் கழுவி வைத்திருக்கிறேன். நீங்கள் வந்தால்தான் எனக்கும் சோறு.

உங்கள் வீட்டுக்காரி