கை தூக்கியவருக்கு

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பாப்பாவும் சௌக்கியம். நீங்கள் சௌக்கியமில்லை என்று தெரிந்துவிட்டது. உங்கள் கடிதம் என்றால் பேருந்தில் எந்த இருக்கை கிடைத்தது, குழாயில் வெந்நீர் வந்ததா என்பது வரை இருக்கும். இந்தத் தடவை, ‘நான் நலம். வேலையை விடப்போகிறேன்’ என்று இரண்டே வரி.

மனசு கேட்காமல் உங்கள் கண்ணாடிக் கடையின் பேக்கிங் அக்காவுக்குப் போன் செய்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். புது மேனேஜர் எல்லோரையும் நிற்கவைத்து, “லென்ஸ் செக் பண்றதுல என்னைவிடக் கெட்டிக்காரங்க இங்க யாராவது இருக்கீங்களா?” என்று அதட்டினாராம். நீங்கள் கையைத் தூக்கினீர்களாம். அதோடு விட்டீர்களா? பக்கத்தில் நின்றவரையும் காட்டி, இவரும்தான் என்றீர்களாம். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

மறுநாளே உங்களை உள்ளறையிலிருந்து முன்கவுண்டருக்கு மாற்றிவிட்டார் என்று சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. ரேடியோ, கதவு மணி, பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் இரைச்சல். மதியம் நீங்கள் சாப்பிடாமல் ஸ்டோர் ரூமில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களாம். அதைக் கேட்டு அழுதேன்.

உங்களுக்குத் திமிர் என்று அவர் சொல்லித் திரிகிறாராம். பெண் பார்க்க வந்த அன்று, வீடு பிடித்திருக்கிறதா என்று அப்பா கேட்டதற்குக் கூரை ஒழுகும் இடத்தைக் காட்டியவர் நீங்கள். வீடே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. அடுத்த வாரம் ஏணியோடு வந்து நின்றீர்கள். திமிர் பிடித்தவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வருவாரா?

ஆனால் அக்கா இன்னொன்றும் சொன்னார். மேனேஜர் அவரிடம் தனியாக, “வந்த முதல் வாரமே எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சிட்டாங்க” என்று வருத்தப்பட்டாராம். பாவம், அவருக்கும் அடி பட்டிருக்கிறது. பதிலை எதிர்பார்க்காமல் கேட்கிற ஜாதி அவர். கேட்டால் பதில் சொல்கிற ஜாதி நீங்கள்.

அதனால் விடுவதற்கு முன் ஒரு தரம் அவரிடம் போங்கள். முகத்தைப் பார்த்துப் பேச வேண்டாம், தாளில் எழுதிக் கொடுங்கள். கேட்டதால் சொன்னேன், அவமானப்படுத்த நினைக்கவில்லை என்று எழுதுங்கள். மனசில் வராத மன்னிப்பை வரவழைத்து எழுத வேண்டாம். இரைச்சலில் உங்களுக்கு என்ன ஆகிறது என்பதையும், உள்ளறையை மறுபடி தரும்படியும் எழுதுங்கள். ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்று, இதற்கு ஒரு பெயர் இருக்கிறதே என்று நீங்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டீர்கள். அந்தப் பெயரை அவரிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம். அக்கா உங்களோடு வந்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அதற்கும் அவர் மசியவில்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். வேறு வேலை தேடிக்கொள்ளலாம். தப்பு உங்கள் மேல் என்று நினைத்துக்கொண்டு மட்டும் வராதீர்கள். நீங்கள் சோதித்து அனுப்பிய கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் பாப்பா இப்போது கரும்பலகையைப் படிக்கிறாள்.

நேற்று சாப்பிடும்போது அவளிடம், “அப்பாவ ரொம்பப் பிடிச்சவங்க இங்க யாராவது இருக்கீங்களா?” என்று அதட்டலாகக் கேட்டேன். சோற்றுக் கையைத் தூக்கினாள். நானும் தூக்கினேன். முதலில் யார் இறக்குவது என்று எங்களுக்குள் ஒரே தகராறு.

நலமில்லையென்றால் நலமில்லை என்றே எழுதுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

இன்னும் கையை இறக்காத,
உங்கள் மனைவி