யானை தின்ற எட்டுக் கிரகங்கள்

சூரியநெல்லி
12.2.2025, புதன்

அன்பு மகள் கற்பகத்துக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிரில் சுகமாக இருக்க மாரியாத்தா துணை. சுகம் என்று தொடங்கினால்தான் கடிதம் என்பதால் எழுதினேன், மற்றபடி அப்பாவுக்கு முழங்கால் வலி, காற்றில் கூரைத் தகரம் ஒன்று பறந்துவிட்டது, எனக்கு ஒரு வாரமாகச் சரியான தூக்கம் இல்லை, அது போக எல்லாம் சுகம்தான். நீ ஆஸ்பத்திரி டியூட்டி முடித்து வந்து வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு கை அரிசியைக் கஞ்சியாக வைத்தாவது குடி, போட்டோவில் உன் கழுத்தெலும்பு தெரிகிறது, கோட்டுப் போட்டு மறைத்தால் எனக்குத் தெரியாது என்று நினைக்காதே.

எங்கள் அங்கன்வாடியை மூடப் போகிறார்கள் என்ற பேச்சை உன்னிடம் சொல்லியிருக்கிறேன். பதினொரு பிள்ளைகளுக்கு ஒரு டீச்சர், ஓர் ஆயா, ஒரு கட்டிடம் என்பது அதிகமாம், தேயிலை எஸ்டேட்டின் கீழ் டிவிஷன் அங்கன்வாடியோடு சேர்த்துவிட்டால் நல்லதாம். அங்கே போக மூன்று கிலோமீட்டர், நடுவில் ஆனைகள் தண்ணிக்கு இறங்குகிற ஓடை, ஆனால் ஆனை காகிதத்தில் வராது பார். ஆபிசர் மேடம் நேரில் வந்து பார்த்து நன்றாக நடக்கிறது என்று எழுதிவிட்டால் நம் பிள்ளைகள் இங்கேயே இருக்கலாம் என்று லிஜி டீச்சர் சொன்னாள். அந்த மாதம் மேலிடத்திலிருந்து வந்த பாடம் ஆகாயம். கூட்டு விளையாட்டாகவும் கைவேலையாகவும் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். பாதி நாள் மூடுபனியில் எதிர் லயத்து வீடுகூடத் தெரியாது, பொழுது சாய்ந்தால் ஆனைக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்கிறோம், வானத்தில் நட்சத்திரம் இருப்பதையே கேள்விப்பட்டு மட்டும் வளர்கிற பிள்ளைகளுக்கு இப்படி ஒரு பாடம்! எழுதி அனுப்பிய புண்ணியவான் எந்த ஊரோ.

ஆனால் லிஜி டீச்சர் கெட்டிக்காரி, குறை சொல்ல மாட்டேன். முற்றத்தில் சுண்ணாம்பால் எட்டு வட்டம் போட்டாள். பதினொரு பிள்ளைகளும் கணக்குக்குச் சரியாக வந்தார்கள், சூரியன் ஒன்று, கிரகம் எட்டு, நிலா ஒன்று, மிச்சமிருந்த செபாஸ்டின் ராக்கெட். பின் லயத்தில் இருக்கும் ராமுத்தாயின் மகள் பிரதீபாவுக்குச் சனி வந்தது. ராமுத்தாய் கொழுந்துச் சாக்கோடு நேரே வந்துவிட்டாள், டீச்சர், ஏற்கெனவே எங்க வீட்டுல ஏழரை நடக்கு, இதுல பெத்த புள்ளையவே சனியாக்குனா நான் எங்க போயி முட்டிக்க என்று ஒரே சத்தம். டீச்சர் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பெண், அவளுக்கு ஏழரையும் தெரியாது எட்டும் தெரியாது. நான்தான் அப்பாவின் பழைய கேபிள் ஒயரை வளைத்துப் பிள்ளையின் இடுப்பில் மாட்டி, மோதிரம் போட்ட கிரகம் இது ஒன்றுதான் தாயி, மகாராணி மாதிரி என்று சமாளித்தேன். மறுநாள் சூரியன் உட்பட எல்லாப் பிள்ளைகளும் நான்தான் சனி நான்தான் சனி என்று தரையில் புரண்டு அழுதார்கள். புதன் வேகமாக ஓட வேண்டும், நெப்டியூன் மெதுவாகப் போக வேண்டும், ஒரு சுற்று முடிக்க நூற்றறுபத்தைந்து வருஷமாம். சொந்த வீடு கேட்டு மனுக் கொடுத்த நம் எஸ்டேட்காரர்கள் எல்லோரும் நெப்டியூன்தான் என்றார் அப்பா. பூமியும் செவ்வாயும் தினமும் முட்டி மண்டை வீங்கியது, ராக்கெட் முட்டை தின்னாமல் கிளம்ப மாட்டேன் என்றது, ஆனாலும் இரண்டு வாரத்தில் நாலு வயசுப் பிள்ளை எட்டுக் கிரகத்தையும் வரிசையாகச் சொல்லுகிறது கற்பகம், நானும் அப்போதுதான் படித்துக்கொண்டேன், நீ சிரிக்காதே.

அடுத்தது கைவேலை. அப்பா ஒரு டிரம் மூடியை வெட்டி மஞ்சள் பெயிண்ட் அடித்துச் சூரியன் செய்து கொடுத்தார். கிரகங்களுக்குப் பழைய பேப்பரை உருட்டி, மேலே துண்டு துண்டாகப் பேப்பரை ஒட்டிக் காயவைக்க வேண்டும். மேடம் வருவதற்கு முந்தின நாள் டீச்சருக்கு மீட்டிங், அவள் வாங்கி வைத்த பசை செவ்வாயோடு தீர்ந்துபோயிற்று. மைதா வாங்கக் கடைக்குப் போனால் பிள்ளைகளை யார் பார்ப்பது. உள்ளே பிள்ளைகளுக்குக் கொடுக்கும் சத்துமாவு கால் சாக்கு, தேதி முடிந்தது, ரிஜிஸ்டரில் எழுதித் திருப்பி அனுப்ப அன்று காலையில்தான் ஃபாக்டரி ஸ்டோரிலிருந்து கொண்டுவந்தது, கிடந்தது. வீணாய்ப் போகிற மாவுதானே என்று அத்தனையையும் கொதிக்கவைத்துப் பசையாக்கினேன். என்ன வாசனை என்கிறாய், சர்க்கரை கலந்த மாவு, வியாழனை நக்காதே, வியாழனை நக்காதே என்று பிரதீபாவை அதட்டியே எனக்குத் தொண்டை வறண்டது. முன்பே ஒட்டியிருந்த நான்குக்கும் மேலே அதையே ஒரு பூச்சுப் பூசினேன், எட்டையும் கயிற்றில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டேன். பதினெட்டு வருஷமாகச் சாயங்காலம் அரிசியையும் பயறையும் ஒரு மணி விடாமல் தூக்கிக்கொண்டு போய் ஃபாக்டரி ஸ்டோரில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன், அங்கன்வாடியில் தின்கிற பொருள் இருந்தால் ஆனை வரும் என்று இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அன்றைக்கும் அரிசியைத் தூக்கிக்கொண்டு போனேன். எட்டு உருண்டை சர்க்கரை மாவை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அரிசியைப் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போனேன். உன் அம்மாவுக்கு எவ்வளவு மூளை பார்.

காலையில் அடுப்புப் பற்றவைக்க முதல் ஆளாகப் போகிறேன், ஒரு பக்கத்துச் சுவரைக் காணோம். தகரச் சூரியன் மட்டும் நசுங்கிக் கிடந்தது. பூமி உட்பட எட்டும் போயிற்று, முற்றம் முழுக்க மென்று துப்பிய பேப்பர்ச் சக்கை. எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புரிந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா, யாரையும் கூப்பிடவில்லை, விளக்குமாற்றை எடுத்துச் சக்கையை எல்லாம் பெருக்கி ஓடையில் கொட்டினேன், காலி மாவுச் சாக்கை அடுப்பில் போட்டேன், அதற்கப்புறம்தான் ஐயோ ஆனை ஆனை என்று கத்தினேன். உன்னிடம் போனில் சுவர் இடிந்தது என்று மட்டும் சொன்னேன்.

மேடம் அன்றைக்கே வந்தார். இடிந்த சுவருக்கு முன்னால் பிள்ளைகள் சுற்றிக் காட்டின, ஒன்றுகூட முட்டவில்லை, ராக்கெட் சொன்ன நேரத்தில் கிளம்பியது. மேடத்துக்கு வாயெல்லாம் பல். வியாழன் எங்கே இருக்கிறது சொல்லு என்று பிரதீபாவைக் கேட்டார். ஆனை வயித்துக்குள்ள என்றது. எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள், நானும் தட்டினேன். பிள்ளைகள் பிரமாதம் என்று ஒரு பக்கம் எழுதினார், அடுத்த பக்கத்தில் இந்தக் கட்டிடம் ஆபத்து, கீழ் டிவிஷனுக்கு மாற்றவும் என்று எழுதினார். ஆனை வந்துவிட்டது என்பதற்காகப் பிள்ளைகளை ஆனை நிற்கிற ஓடை வழியாகத் தினமும் பத்திரமாக அனுப்பப் போகிறார்களாம். டீச்சர் அழுதுகொண்டே கேட்டதற்கு, உள்ள தீனி ஏதாச்சும் இருந்து அதுக்காக வந்திருந்தா சுவரைக் கட்டி இங்கயே நடத்தலாம், சும்மாவே வருதுன்னா நான் எப்படி விடுவேன் என்றார் மேடம். தீனி எதுவும் இல்லை, எங்கள் சேச்சி பதினெட்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அரிசியை வைத்துவிட்டுப் போனதில்லை என்று டீச்சர் என் தோளைப் பிடித்துக்கொண்டு சத்தியம் செய்தாள்.

எனக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம். காலாவதி மாவைத் திருப்பி அனுப்பாமல் பசை காய்ச்சி, சுவரை இடிக்கவைத்து, அதை மறைக்கவும் செய்த ஆயாவை எவன் வைத்துக்கொள்வான். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். நேற்றுச் சாயங்காலம் ராமுத்தாய் வந்தாள். பிரதீபாவைக் கையில் பிடித்துக்கொண்டு கீழ் டிவிஷன் வரை நடந்து பார்த்துவிட்டு வருகிறாள், ஓடைக்கரையில் பச்சைச் சாணி கிடந்ததாம். அக்கா, காலையில நீங்கதான புள்ளைகளக் கூட்டிட்டுப் போவீக, நீங்க கூட இருந்தா எனக்கென்ன பயம் என்றாள். அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். அவள் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன்.

வெள்ளிக்கிழமை கூட்டம். மேடம், பஞ்சாயத்து மெம்பர், தாய்மார் எல்லோரும் வந்து மாற்றுவதற்குக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு முன்னால் நான் எழுந்து சொல்லிவிடுவேன், மாவு, பசை, விளக்குமாறு எல்லாம். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, அவரிடம் சொன்னால் டீக்கடையில் சொன்ன மாதிரி. உன்னிடம் போனில் சொன்னால் நீ, அம்மா உனக்கென்ன பைத்தியமா, பேசாம இரு என்பாய். நானும் யாராவது அப்படிச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருப்பவள்தான், உடனே சரி என்றுவிடுவேன். அதனால்தான் தபாலில் போடுகிறேன். அயர்லாந்துக்குப் பதினைந்து நாளாவது ஆகும் என்று போஸ்ட் ஆபிசில் விசாரித்துவிட்டேன்.

இதைப் படித்துவிட்டுப் பதறிப் போன் செய்யாதே, சாப்பிட்டுவிட்டுச் செய். ஈரத் தலையோடு வெளியே போகாதே. நீயும் மாப்பிள்ளையும் ஒருவர் மனம் ஒருவர் கோணாமல், பிள்ளை குட்டிகளோடு நூறு வருஷம் நன்றாக இருங்கள். மாப்பிள்ளைக்கு இதில் பாதியைச் சொன்னால் போதும்.

உன் அம்மா
சாந்தம்மாள்
அங்கன்வாடி ஆயா, வெள்ளிக்கிழமை வரைக்கும்