ஆர்.கே.பேட்டை முனையில் உன் முகம்

என் செல்ல ரூத்துக்கு,

இதை நீ பார்த்தால், "மெயில் போட வேண்டியதுதானேக்கா, இன்னாத்துக்குக் காகிதம்?" என்று சிரிப்பாய். எந்த முகவரிக்குப் போடுவது, சொல். அதனால்தான் எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். யார் வழியாகவாவது உனக்கு எட்டிவிடாதா என்று ஓர் ஆசை.

நீ போனதும் நம் கடையை மூடிவிட்டேன். இணையத்தில் நீ போட்டுக் கொடுத்த படக்கடையைத்தான் சொல்கிறேன். ஆர்டர் எடுப்பதைத்தான் நிறுத்தினேன், படங்கள் அங்கேயே கிடந்தன. போன வாரம் மறுபடி திறந்தேன். நடுவில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள். திருத்தணியில் கல்யாணமும் ஞானஸ்நானமும் காதுகுத்தும் படம் எடுத்துப் பிழைக்கிறவள் நான். வேலை இல்லாத நாளில் மனசுக்காக எடுத்தவை தனி: பனி மூடிய மலைக்கோயில், மணவூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும் பூக்காரிகள், திருவாலங்காட்டுக் கரும்பு வண்டிகள். எல்லாம் பீரோவில் கிடந்தன. சென்னையில் கம்ப்யூட்டர் படித்துவிட்டு வந்த நீதான், "ஊரை வுட்டுப் போனவங்க இதுக்கு ஏங்கிக்கினு இருப்பாங்கக்கா" என்று இணையத்தில் ஏற்றினாய். நீ சொன்னது போலவே துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பிரிண்ட் கேட்டார்கள். அட்டைக் குழாயில் சுருட்டி, தபாலாபீஸுக்கு நீயே எடுத்துப் போனாய்.

திருடிவிடுவார்களே என்று எனக்குப் பயம். அதற்கும் வழி வைத்திருந்தாய். பக்கத்தில் ஏற்றுவது சின்ன அளவு. குறுக்கே மெல்லிய எழுத்தில் என் பெயர். பெரிய கோப்புகள் எல்லாம் சி.டி.யில், பூட்டிய டிராயரில். "சின்னத எடுத்து இன்னா பண்ணுவான்? தபால்தலை ஒட்டுவானா?" என்றாய்.

ஒரே ஒரு படத்துக்கு மட்டும் பெயர் போடவில்லை. திருவாலங்காட்டு வயல் வரப்பில் திடீரென்று மழை பிடித்துக்கொண்டதே, துப்பட்டாவைத் தலைக்கு மேலே பிடித்தபடி நீ சிரித்தாயே, அது. "என் மூஞ்சி மேல உன் பேர எழுதுவியா? போக்கா. என்ன யாரு திருடப் போறான்?" என்று அப்படியே ஏற்றிவிட்டாய்.

அந்த மார்கழியில் காய்ச்சல் வந்தது. ஊர் முழுக்க வந்த காய்ச்சல்தான். எல்லோருக்கும் இறங்கியது, உனக்கு இறங்கவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த சுடிதாரைத் தைத்து முடித்துவிட்டதாக டெய்லர் ஆள் அனுப்பியபோது, வீட்டில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தோம். அம்மா முன்பே போய்விட்டாள். இப்போது நீயும். மிஞ்சியது நானும் நைனாவும்.

நைனா பேசுவதையே விட்டுவிட்டார். கல்லறையில்கூட அழவில்லை. காலையில் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸை எடுக்கப் போவார், ஆர்.கே.பேட்டைக்குப் போய்த் திரும்புவார். வந்து சாப்பிட்டுப் படுப்பார். ஆடி மாதம் பிறந்தபோது அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. முகம் வழித்துக்கொண்டு, தலை வாரிக்கொண்டு, நேரத்துக்கு முன்பே வேலைக்குக் கிளம்பினார். ஆறுதல் அடைகிறார் போலும் என்று நினைத்தேன்.

அப்புறம் ஒரு நாள், நம் சபையைச் சேர்ந்த மேரி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரூத்து போட்டாவ பேனருக்குக் குடுத்தியா எஸ்தரு? முனையில பாத்து எனக்கு ஒடம்பே நடுங்கிப் போச்சு" என்றாள்.

மொபெட்டை எடுத்துக்கொண்டு போனேன். ஆர்.கே.பேட்டை சாலை திரும்புகிற முனையில், சாரம் கட்டி, மாடி உயரத்துக்கு நீ நின்றுகொண்டிருந்தாய். ஒரு ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி பேனர். மழை அதே மழை, சிரிப்பு அதே சிரிப்பு. துப்பட்டாவைப் பட்டுப் புடவையின் முந்தானையாக மாற்றியிருந்தார்கள். காதில் ஜிமிக்கி வரைந்து, கழுத்தில் அட்டிகை வரைந்து, நெற்றியில் பெரிய பொட்டும் வைத்திருந்தார்கள். ரோட்டோரத்தில் வண்டியைப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நேரே கடைக்குப் போனேன். முதலாளி பதறவில்லை. "நெட்டுல இருந்துச்சும்மா. டிசைன் போடறவன் எடுத்து வச்சிட்டான். நெட்டுல கெடந்தா எல்லாருதும்தானே?"

"அது என் கடைங்க. உங்க கண்ணாடி அலமாரியில இருக்குதேன்னு யார்னா பொடவைய எடுத்துக்கினு போனா வுட்டுடுவீங்களா?"

கைப்பையில் எப்போதும் வைத்திருக்கிற பிரிண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பொட்டில்லாத, நகையில்லாத உன் முகம். அவர் அதையே பார்த்தார். "பொண்ணு யாருமா?"

"என் தங்கச்சி. மார்கழியில செத்துட்டா."

அவர் எழுந்து நின்றுவிட்டார். "கர்த்தர் சாட்சியா... இல்ல, முருகன் சாட்சியா எனக்குத் தெரியாதும்மா" என்று உளறினார். விடிந்ததும் இறக்கிவிடுவதாகச் சொன்னார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், ரூத்.

நைனா அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். சொன்னேன். சொம்பைக் கீழே வைத்தார்.

"யாரு உன்ன இறக்கச் சொல்லச் சொன்னது?"

"உனக்குத் தெரியுமா நைனா?"

"ஆங். ஏத்தின அன்னிக்கே பாத்தேன். நடுரோட்டுல பஸ்ஸ நிறுத்திட்டேன். பின்னால எல்லாம் ஆரன் அடிக்கிறான். கண்டக்டர் வந்து தோளத் தொட்டப்பதான் எனக்கு நெனப்பே வந்துச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ இறக்கிடுவ."

எனக்குக் கோபம் வந்தது. "பொய் நகைய மாட்டி, அவள வச்சுப் பொடவ விக்கிறாங்க நைனா!"

"விக்கட்டும். எனக்கு மூஞ்சி தெரியுது இல்ல? போறப்பவும் பாக்கறேன், வர்றப்பவும் பாக்கறேன். காத்துல ஆடறப்ப எங்கிட்ட ஏதோ சொல்ல வர்றா மாரியே இருக்குதும்மா." அப்புறம் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "ஒருவாட்டி பொட்டியில வச்சு இறக்கினேன். மறுவாட்டியும் இறக்கணும்ன்றியா?"

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

மறுநாள் காலையில் அதே கடைக்கு ஓடினேன். முந்தின நாள் சண்டை போட்ட வாயாலேயே, "இருக்கட்டுங்க, ஆடி முடியற வரைக்கும் இருக்கட்டும்" என்று கெஞ்சினேன். ஆட்கள் அதற்குள் போய்விட்டிருந்தார்கள். முனைக்குப் போனபோது சாரத்தின் மேல் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் தொங்கி, உன் கன்னம் மடங்கியிருந்தது. கீழே நைனாவின் பஸ் நின்றிருந்தது. அவர் இறங்கி, இரண்டு கைகளையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார், மாடியிலிருந்து விழுகிற பிள்ளையைப் பிடிப்பது போல.

"மடிக்காதீங்கப்பா. மூஞ்சிய மடிக்காதீங்க. சுருட்டிக் குடுங்க."

சுருட்டிக் கொடுத்தார்கள். பஸ்ஸுக்குள் நடைபாதையில் கிடத்தினோம். உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். யாரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை. தறி வேலைக்குப் போகும் ஓர் அம்மா, "முனை தரையில இடிக்குது பாரு" என்று சுருளின் நுனியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் வீட்டில் விரித்தோம். கூடத்துக்குள் அடங்கவில்லை. நாற்காலிகளை வெளியே போட்டும் உன் நெற்றியிலிருந்து கன்னம் வரைதான் விரிந்தது. சின்னப் படத்தை அவ்வளவு பெரிதாக்கியதால் கிட்டத்தில் முகமே இல்லை. கட்டம் கட்டமாக வெறும் நிறங்கள். நைனா மண்டியிட்டு உள்ளங்கையால் தடவித் தடவித் தேடினார். "கண்ணு எங்கம்மா? அவ கண்ணு எங்க?" என்றார். நான் காட்டிய இடத்தில் கறுப்புக் கட்டங்கள்தான் இருந்தன. அங்கேயே முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். நீ போன பிறகு அவர் அழுததை அன்றைக்குத்தான் பார்த்தேன். நானும் பக்கத்தில் படுத்துக்கொண்டு அழுதேன்.

ஓய்ந்த பிறகு கம்ப்யூட்டரைப் போட்டேன். அந்த மழை நாளில் எடுத்த மற்ற படங்களைத் திறந்தேன். விற்க உதவாது என்று நான் ஒதுக்கியவை. ஒன்றில் கண்ணை மூடியிருக்கிறாய். ஒன்றில் தும்முகிறாய். ஒன்றில் மூக்கைச் சுளித்துக்கொண்டு, போதும்க்கா என்று கேமராவைத் தள்ள வருகிறாய். உன் உள்ளங்கை பாதி படத்தை மறைத்திருக்கிறது. நைனா அதில் நின்றுவிட்டார்.

"இதான் என் பொண்ணு" என்றார்.

அதை அளவாகப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். பஸ்ஸில் கண்ணாடிக்கு மேலே வைத்திருக்கிறார். கண்டக்டர் ஏறும்போதெல்லாம் அதைப் பார்த்து, "இன்னாம்மா, காலையிலயே கோவமா?" என்பாராம். அதைச் சொல்லும்போது நைனா லேசாகச் சிரித்தார். பேச ஆரம்பித்திருக்கிறார், ரூத்.

கடையில் மலை இருக்கிறது, பூக்காரிகள் இருக்கிறார்கள், கரும்பு வண்டிகள் இருக்கின்றன. எல்லாவற்றின் குறுக்கேயும் என் பெயர் இருக்கிறது. உன் மழைப் படத்தை எடுத்துவிட்டேன். அது எங்கே, வாங்க வேண்டும் என்று வெளிநாட்டிலிருந்து ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். விற்பனைக்கு இல்லை என்று மட்டும் பதில் போட்டேன். ஏற்கெனவே யார் யார் எடுத்து வைத்திருக்கிறார்களோ, நாளை எந்த ஊரில் எந்தப் பொட்டோடு உன்னைப் பார்ப்பேனோ, எனக்குத் தெரியாது. அந்தப் பயத்தோடுதான் பஸ் ஜன்னலோரம் உட்காருகிறேன். பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையும் அதிலே கலந்திருக்கிறது. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

நீ தும்மினதும் முறைத்ததும் கண்ணை மூடினதும் எந்தப் பக்கத்திலும் ஏறாது. அவை நம் வீட்டுக்கு. நைனா கேட்கும்போதெல்லாம் ஒன்றைப் பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுப்பேன். அவருக்குப் பார்வை மங்கினால் பக்கத்தில் உட்கார்ந்து, இதில் நீ என்ன செய்கிறாய் என்று நானே சொல்வேன். இது சத்தியம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன் முறைப்புக்கு ஏங்கும்
அக்கா எஸ்தர்